ஆல் பாஸ் என்றால் தேர்வே இல்லையா? தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

"எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ்தானே, அப்புறம் எதுக்கு தினமும் அனுப்பணும்?" ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்துப் பள்ளிக்கூட வாசல்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்னொரு பக்கம், "மார்க்கும் கிடையாது, ரேங்கும் கிடையாது, அரும்பு மொட்டுன்னு ஏதோ சொல்றாங்க, பிள்ளை படிக்கிறானா இல்லையான்னே தெரியல" என்று கவலைப்படுகிற தாய்மாரும் உண்டு. முதல் ஆளுக்கு அலட்சியம், இரண்டாமவருக்குப் பதற்றம். ஆனால் இருவரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். அடுத்த வகுப்புக்குப் போவது, தேர்வு எழுதுவது, பாடம் புரிவது என்ற மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை 1 முதல் 5 வரை அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கானது. அதிலும் முதல் மூன்று வகுப்புகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறோம். அங்கே விழும் ஓட்டையை மேல் வகுப்பில் அடைப்பது மிகக் கடினம்.

தேர்ச்சி வேறு, தேர்வு வேறு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2019இல் அது திருத்தப்பட்டு, 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவுசெய்யலாம் என்று ஆனது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைப்பதில்லை என்ற நிலை இங்கே தொடர்கிறது.

ஏன் இப்படி ஒரு விதி? நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு அதே பாடம், அதே விதத்தில், இன்னொரு வருஷம் நடக்கும். புரியாமல் போன காரணத்தை யாரும் தேடுவதில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் வெட்கம் மட்டும் கூடும். நம் பக்கத்தில் அந்த வெட்கத்துக்கு வடிகால் பக்கத்திலேயே இருக்கிறது. பையன் என்றால் படகுக்குப் போவான், பெண் என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பாள். நிறுத்திவைப்பது பல பிள்ளைகளுக்குப் படிப்பையே நிறுத்துவதாக முடிந்திருக்கிறது.

ஆனால் அதே சட்டம் தேர்வை எடுத்துவிடச் சொல்லவில்லை. குழந்தைக்கு எது புரிந்திருக்கிறது என்பதைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஊர்ப் பேச்சில் முதல் பாதி மட்டும் நிலைத்து, இந்தப் பாதி காணாமல் போய்விட்டது.

சுருக்கமாக: ஆல் பாஸ் என்பது அடுத்த வகுப்பு அறைக்குப் போகும் உரிமை. அந்த வகுப்புப் பாடம் புரியும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

வலையில் கிழிசல் பார்ப்பதும் மீனை எடை போடுவதும்

மதிப்பீட்டில் இரண்டு வகை உண்டு. வளரறி மதிப்பீடு என்பது பாடம் நடக்கும்போதே, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது. தொகுத்தறி மதிப்பீடு என்பது பருவ முடிவில், மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பது.

கரையில் உட்கார்ந்து வலையை விரித்து, கண் கண்ணாகப் பார்த்து, கிழிந்த இடத்தைத் தைப்பது முதல் வகை. ஏலக்கூடத்தில் மீனை எடை போடுவது இரண்டாவது வகை. எடை குறைந்தால் குறைந்தது என்று தெரியும், எந்த இடத்தில் கிழிந்தது என்று தராசு சொல்லாது. எடை போடுவதை நாலு மடங்கு கூட்டினாலும் கிழிசல் தைபடாது. பெற்றோர் பலர் கேட்பது தராசைத்தான். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது கிழிசலைப் பற்றி.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. பிள்ளை வகுப்பில் செய்த செயல்பாடு, சின்னச் சின்ன எழுத்துத் தேர்வு எல்லாம் அந்த 40இல் அடங்கும். பருவக் கடைசியில் ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கவைத்தால் போதும் என்று நினைக்கும் வீடுகளில் பிள்ளை அந்த 40ஐத் தொலைத்துவிட்டுத்தான் தேர்வுக்கே போகிறது.

இரண்டாம் பருவத்தை இந்தக் கடற்கரையில் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற மாதங்களும் அவைதான். ஏற்கெனவே சிறிய பருவம், மழை விடுமுறையும் தீபாவளியும் காய்ச்சலும் சேர்ந்து இன்னும் சுருங்கும். டிசம்பரில் பிள்ளை பின்தங்கியதாகத் தெரிந்தால், அந்த மூன்று மாதத்தில் எந்தப் பாடங்கள் நடந்தன என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும்.

அரும்பு, மொட்டு, மலர் என்பது பட்டமா?

இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5க்கும் விரிந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் இளம் பிள்ளைகளுக்கு விழுந்த இடைவெளியை நிரப்புவதும், 8 வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் செய்வதும் இதன் நோக்கம். இந்த இரண்டு திறனுக்கும் சேர்த்து அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவு என்று பெயர்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, அது எந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். ஒன்றாம் வகுப்புக்குரிய நிலை அரும்பு. இரண்டாம் வகுப்புக்குரியது மொட்டு. மூன்றாம் வகுப்புக்குரியது மலர். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அப்படியானால் அதற்கு அரும்புப் பயிற்சிதான் முதலில் தரப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சி நூலில் வேறு பக்கம் திறந்திருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் முக்கியம். நிலை என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். ஒரே பிள்ளை கணக்கில் மலராகவும் தமிழில் மொட்டாகவும் ஆங்கிலத்தில் அரும்பாகவும் இருப்பது சாதாரணம். "என் பிள்ளை அரும்பாம்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை, எந்தப் பாடத்தில் என்று கேட்க வேண்டும்.

கடலோரச் சிற்றூர்களுக்கு இந்த முறை ஒரு விதத்தில் கூடுதலாகப் பொருந்துகிறது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கிட்டால் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில்தான் இருக்கும். அந்த அறையில் வகுப்புவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துவதைவிட நிலைவாரியாகப் பிரிப்பது பயன் தரும். பாடல், கதை, வாசிப்பு என்று அறையில் தனித்தனி இடம் பிரித்திருப்பதும், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பதும் இதற்காகவே. விளையாட்டுத்தான் நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

சுருக்கமாக: நிலையின் பெயர் பிள்ளைக்கு ஒட்டும் முத்திரை இல்லை. இன்றைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கான குறி. ஒரு பருவம் முழுக்க அந்தக் குறி நகராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வாசிப்பு எங்கே சிக்குகிறது

நோட்டு நிறைய அழகான எழுத்து இருக்கும். படி என்றால் பிள்ளை விழிக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது படம் வரைவதைப் போன்ற வேலை, அதற்கு எழுத்தின் ஒலி தெரிய வேண்டியதில்லை. ஆகவே நோட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்யும் சேரும் விதம் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் வந்துவிடும். சிக்கல் அந்தச் சேர்க்கையில்தான். "கெ" என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலிக்கும்போதோ க் முதலில் வந்து எ பின்னால் வருகிறது. கண் போகும் திசையும் காது கேட்கும் வரிசையும் முரண்படுகின்றன. "கொ"வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. கு, சு, து, மு என்ற உகர வரிசைக்கோ எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரே குறி கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். கொம்பு வரிசை நடக்கும் பத்து நாள் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், அந்தக் குழப்பம் நாலாம் வகுப்பிலும் கூடவே வரும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. "படகு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாகச் சொல்லும்போது ப, ட, கு என்று மூன்றையும் அழுத்திச் சொல்கிறோம். சொல்லாகச் சொல்லும்போது நடுவிலுள்ள ட-வும் கடைசி கு-வும் மென்மையாகிவிடுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மூன்றையும் அழுத்திச் சொல்லிவிட்டு, தினமும் பார்க்கும் படகுதான் அது என்று தெரியாமல் நிற்கும். அப்போது திட்டாமல், "வேகமாச் சேர்த்துச் சொல்லு" என்று இரண்டு மூன்று முறை சொல்லவையுங்கள். காது பிடித்துக்கொள்ளும்.

வேகமும் முக்கியம். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போகும் பிள்ளை வரியின் முடிவுக்கு வரும்போது ஆரம்பத்தை மறந்திருக்கும். எல்லாச் சொல்லையும் சரியாகப் படித்தும் கேள்விக்குப் பதில் வராதது இதனால்தான். பொருள் புரியவில்லை என்று அறிவைக் குறை சொல்லாதீர்கள். அதே பத்தியை மூன்று நாள் திரும்பப் படிக்கவைத்தால் வேகம் கூடும், பொருளும் தானாக ஒட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் சோதிக்க முடியும். பிள்ளை பாடத்தைப் படிக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூரையைப் பார்த்துப் படித்தால் அது மனப்பாடம். பக்கத்திலுள்ள படத்தைக் கையால் மூடுங்கள். பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து ஓடிவந்தால்தான் சொல்ல முடிகிறது என்றால் இன்னும் வாசிப்பு வரவில்லை. பேருந்தின் பலகையில் உச்சிப்புளி, தேவிபட்டினம், மண்டபம் என்று பாடநூலில் இல்லாத சொல்லைப் படிக்கச் சொல்வது இன்னும் நல்ல சோதனை.

நம் பிள்ளைகளுக்குச் சொல் பஞ்சம் கிடையாது. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றைப் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு, பாடநூலில் காற்று என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். சூடை, நகரை, காரல், பாறை என்று மீனின் பெயரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் கேட்க, அதையே எழுதவையுங்கள். தெரிந்த சொல்லை எழுதும்போது ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு சீக்கிரம் பிடிபடுகிறது.

ஆங்கிலம் வரவில்லையே என்ற கவலைக்கும் இங்கேதான் பதில். எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்ற பிடி ஒரு மொழியில் கிடைத்தால் அடுத்த மொழிக்கு அது உதவும். பேசும் மொழியில் அந்தப் பிடி முதலில் கிடைப்பது எளிது.

கணக்கில் வழக்கமான மூன்று தவறுகள்

மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குப்படி ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டில் 999 வரை, மூன்றில் 9,999 வரை எண்களை வாசித்து எழுதத் தெரிய வேண்டும். பிள்ளை ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பதை வைத்து இதை அளக்கக் கூடாது.

நூற்றி எட்டு எழுதச் சொன்னால் 1008 என்று எழுதும். காதில் கேட்ட நூறையும் எட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டது. இடமதிப்பு, அதாவது ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பது, இன்னும் புரியவில்லை. தொண்ணூறில் நூறு என்ற ஒலி கேட்பதால் 90இல் தடுமாறும். தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்பதால் 900இலும் அதே தடுமாற்றம் வரும். இதில் குழந்தையின் குறை எதுவுமில்லை. நம் எண்ணுப் பெயர்கள் அப்படி அமைந்திருக்கின்றன.

மூன்றாவது, கடன் வாங்கிக் கழித்தல். 52இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் 36 என்று விடை வரும். 2இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது. திரும்பத் திரும்ப அதே கணக்கைக் கொடுத்தால் அதே தவறுதான் உறுதிப்படும். ஐந்து 10 ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, 28 ரூபாய் தா என்று கேளுங்கள். ஒரு நோட்டைச் சில்லறையாக மாற்றாமல் தர முடியாது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். மாற்றியதும் நாலு நோட்டு, 12 நாணயம். எட்டு நாணயமும் இரண்டு நோட்டும் போனால் மிச்சம் 24.

வகுத்தலுக்கு மீன் கூறு வைப்பதைவிட நல்ல பாடம் தேட வேண்டாம். 24 சூடையை நாலு கூறு வைத்தால் கூறுக்கு 6. மூன்று கூறு என்றால் 8. ஐந்து கூறு வைத்தால் கூறுக்கு 4, நாலு மீன் மிச்சம். மிச்சம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

வருகை: கடலின் காலண்டரும் பள்ளியின் காலண்டரும்

தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் குறைந்த அளவு ஆண்டுக்கு 200 வேலை நாள். வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்றாலே ஐந்தில் ஒரு பங்கு பாடம் போய்விடுகிறது. சேர்ந்தாற்போல் பத்து நாள் போவது அதைவிடக் கெடுதல், ஒரு முழுப் பாடமே அதோடு போகும்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கோடை விடுமுறை பெரும்பாலும் இதற்குள்ளேயே வருகிறது. விடுமுறையில்தான் புதிதாக வந்த வாசிப்பு கரைந்துபோகும். அப்பா வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். தினம் 15 நிமிஷம் பிள்ளையைப் படிக்கச் சொல்லி அப்பா கேட்டால் போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போது பழைய இடத்திலிருந்தே தொடரலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் நாளே அனுப்புவதும் அவசியம். நிலை சோதிக்கும் நாளில் இல்லாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சி கொடுப்பதென்று ஆசிரியருக்குத் தெரியாது.

சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனைத் தொழிலுக்கும், வேறு ஊர்களில் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப்போக முடியுமானால் அது நல்லது. முடியாவிட்டால், போகிற ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். டி.சி. தாமதமானது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்குள்ள அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு போங்கள், மாநிலத்துக்குள் எங்கே போனாலும் அதே எண்தான். எந்த நிலையில் படிக்கிறது என்பதையும் ஆசிரியரிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் புதிய பள்ளியில் இரண்டு வாரம் மிச்சமாகும்.

காலை உணவுத் திட்டம் வருகைக்குப் பெரிய துணை. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் இது இருக்கிறது. விடியற்காலை மீன் வாங்கவோ பாசி எடுக்கவோ போகும் தாய்மார், பிள்ளை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர ஆள் ஏற்பாடு செய்துவிட்டால் சாப்பாடும் பாடமும் இரண்டும் கிடைக்கும்.

பள்ளி செய்யக் கூடாதவை

அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி பேசவும் கூடாது. "கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்செடுங்க சார்" என்று பெற்றோரே சொல்வதையும் நிறுத்த வேண்டும். பயந்த பிள்ளை தெரியாததை மறைக்கப் பழகும், கிழிசல் எங்கே என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போகும். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வோ நன்கொடையோ கிடையாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதையும் சட்டம் தடுக்கிறது.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். "தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, போன பருவத்தில் எங்கே இருந்தான், இப்போது எந்த எழுத்தில் அல்லது எந்தக் கணக்கில் சிக்குகிறான், வீட்டில் பத்து நிமிஷம் எதைச் செய்யவைக்கலாம்" என்று கேளுங்கள். பயிற்சி நூலையும் கையில் எடுத்துப் போங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பேசினால் பேச்சு பொதுவாக ஓடாது.

ஒரு பிள்ளைக்கு மட்டும் உள்ள சிக்கலை ஆசிரியரிடம் பேசலாம். ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, மழையில் கூரை ஒழுகுகிறது என்பவை பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச வேண்டியவை. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், சொன்ன குறை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவரை வாசித்துக் காட்டச் சொல்லலாம். புத்தகத்தில் ஏறாத குறையை அடுத்த கூட்டத்தில் யாரும் தேடிப் பார்க்க முடியாது.